காரைப் பழுது பார்க்க யாரிடம் அனுமதி கேட்க வேண்டும்?

டேஷ்போர்டில் அந்த மஞ்சள் விளக்கு ஒரு வாரமாகவே எரிந்துகொண்டிருந்தது. பார்த்துக்கலாம் என்று விட்டது என் தப்புதான். தருமபுரியில் வேலையை முடித்துவிட்டு பென்னாகரம் சாலையில் திரும்பி வரும்போது, இண்டூருக்கு இரண்டு கிலோமீட்டர் முன்னால் இன்ஜின் விளக்கும் சேர்ந்து எரிந்தது. ஆக்சிலேட்டரை எவ்வளவு மிதித்தாலும் வண்டி நாற்பதைத் தாண்டவில்லை. உருட்டிக்கொண்டே வந்து, வழக்கமாக வண்டியைக் காட்டும் பட்டறையில் நிறுத்தினேன்.

வண்டி ஒரு பிஎஸ்6 டீசல் கார். கம்பெனி பெயர் இங்கே முக்கியமில்லை. வேறு எந்தக் கம்பெனி வண்டியாக இருந்தாலும் கதை பெரிதாக மாறாது என்பதுதான் இந்தக் கட்டுரையே.

மெக்கானிக் அண்ணனுக்கு ஐம்பத்தைந்து வயது இருக்கும். டிராக்டர், ஜீப், அம்பாசடர் என்று ஆரம்பித்து இன்றைக்கு வரைக்கும் வந்தவர். ஸ்டியரிங்குக்குக் கீழே இருக்கும் சாக்கெட்டில் ஒரு சின்ன ஸ்கேனரைச் செருகினார். செல்போனில் பி2463 என்று ஒரு கோடு வந்தது.

"டிபிஎஃப் அடைச்சிருக்கு தம்பி. கரி ஏறிப்போச்சு. எரிச்சு விட்டா சரியாயிடும்."

"எரிச்சு விடுங்கண்ணா."

"அதுக்கு கம்பெனி டூல் வேணும். என்கிட்ட இருக்கிறது கோடு படிக்கும், அவ்ளோதான். என்ன பண்ணணும்னு எனக்குத் தெரியுது. பண்ணச் சொன்னா வண்டிதான் கேக்க மாட்டேங்குது."

ரெக்கவரி வண்டி வந்து காரை ஏற்றிக்கொண்டு போனது. அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் சென்டரில் ஒரு லேப்டாப்பை அதே சாக்கெட்டில் செருகி, ஒரு பட்டனை அழுத்தினார்கள். முக்கால் மணி நேரம் இன்ஜின் தானாக உறுமிக்கொண்டு நின்றது. விளக்குகள் அணைந்தன. ஒரு ஸ்க்ரூகூட கழற்றப்படவில்லை. வண்டியை ஏற்றிப்போன செலவு, பார்த்த வேலையின் செலவைவிட அதிகம்.

இருபது வருஷமாக சாஃப்ட்வேர் எழுதிப் பிழைக்கிறவன் நான். அந்த லேப்டாப்பில் இருந்து வண்டிக்குப் போனது சில பைட்டுகள் நீளமுள்ள ஒரு கட்டளை என்பது எனக்குத் தெரியும். அந்தக் கட்டளை ஏன் இண்டூரில் கிடைக்கவில்லை? இந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு சில மாதங்களாகப் படித்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

அந்தக் கரி எங்கிருந்து வந்தது

முதலில் தொழில்நுட்பத்துக்கு நியாயம் செய்துவிடுகிறேன். டிபிஎஃப் என்பது டீசல் புகையில் இருக்கும் நுண்துகள்களைப் பிடித்து வைக்கும் வடிகட்டி. 2020 ஏப்ரல் 1 முதல் நாடு முழுவதும் பிஎஸ்6 கட்டாயமானது. டீசல் கார் ஒரு கிலோமீட்டருக்கு வெளியிடலாம் என்ற துகள் அளவு பிஎஸ்4இல் 25 மில்லிகிராம். பிஎஸ்6இல் அது 4.5. நைட்ரஜன் ஆக்சைடுகளுக்கான வரம்பு 250இல் இருந்து 80 மில்லிகிராமுக்கு இறங்கியது. டீசலில் கந்தகம் பத்து லட்சத்தில் 50 பங்கு என்பதில் இருந்து 10 பங்கு ஆனது. இது சாதாரண சாதனை இல்லை. லாரிக்குப் பின்னால் பைக்கில் போய் மூச்சு முட்டிய யாரும் இதைக் குறை சொல்ல மாட்டார்கள்.

பிடித்து வைத்த கரியை எங்கே கொட்டுவது? எரிப்பதுதான் வழி. சுமார் 600 டிகிரி செல்சியஸ் சூடு வேண்டும். நெடுஞ்சாலையில் வண்டி ஒரே சீராக ஓடும்போது இன்ஜினே கொஞ்சம் டீசலைத் தாமதமாகப் பீய்ச்சி அந்தச் சூட்டை உண்டாக்கி, கரியை எரித்துவிடும். ஓட்டுகிறவருக்கே தெரியாது. நான் வாரம் தவறாமல் பெங்களூருக்கு ஓட்டிக்கொண்டிருந்த வரைக்கும் எனக்கும் தெரியாது. கிருஷ்ணகிரி தாண்டி ஓசூர் வரைக்கும் விடும் வேகத்தில் வடிகட்டி தன்னைத்தானே சுத்தம் செய்துகொண்டது.

வீட்டில் இருந்தே வேலை என்று ஆனபிறகு வண்டிக்கு வந்த ஓட்டமெல்லாம் தருமபுரி, பென்னாகரம், உறவுக்காரர் வீட்டு விசேஷம் என்று சின்னச் சின்ன தூரம்தான். ஊருக்கு ஊர் வேகத்தடை. இன்ஜின் சூடேறி எரிக்க ஆரம்பிப்பதற்குள் வண்டியை நிறுத்திவிடுவோம். பாதியில் நின்ற எரிப்புகள் சேரச்சேர வடிகட்டி அடைக்கும். எரியாத டீசல் இன்ஜின் ஆயிலிலும் கலக்கும். டீசல் கார் வாங்கும்போது மைலேஜ் பற்றி மட்டும் பேசுகிற நாம், ஓட்டம் எப்படிப்பட்டது என்று கேட்பதே இல்லை. விற்பவரும் கேட்பதில்லை. கிராமச் சாலையில் குறைந்த தூரம் ஓட்டுகிறவருக்கு இந்த வண்டி பொருந்தாது என்று ஷோரூமில் யாரும் என்னிடம் சொல்லவில்லை.

ஆக, கரி சேர்ந்தது தொழில்நுட்பத்தின் குற்றம் இல்லை. அதற்கு வைத்தியமும் அந்த வண்டிக்குள்ளேயே எழுதி வைக்கப்பட்டிருக்கு. நின்ற இடத்திலேயே எரித்துவிடும் ஒரு நிரல் அதில் இருக்கு. அதை ஓடவிடும் உரிமை யாரிடம் இருக்கு என்பதுதான் பிரச்சினை.

சாக்கெட் பொது, பேச்சு ரகசியம்

ஸ்டியரிங்குக்குக் கீழே இருக்கும் அந்த பதினாறு பின் சாக்கெட்டுக்கு ஒரு வரலாறு உண்டு. கலிஃபோர்னியாவின் காற்று மாசு வாரியம் போட்ட அழுத்தத்தில், அமெரிக்காவில் 1996 மாடல் முதல் எல்லா கார்களுக்கும் ஓபிடி-2 கட்டாயமானது. புகை சம்பந்தமான கோளாறு எந்தக் கம்பெனி காரில் வந்தாலும், எந்த மெக்கானிக்கும் ஒரே மாதிரிக் கருவியால் படிக்க முடிய வேண்டும் என்பது அதன் நோக்கம். இந்தியாவில் பிஎஸ்4 வண்டிகளுக்கு 2010இல் முதல் கட்டமும் 2013இல் இரண்டாம் கட்டமும் வந்தது. இண்டூர் பட்டறையில் பி2463 என்று படிக்க முடிந்தது இந்தச் சட்டத்தின் புண்ணியத்தில்தான்.

ஆனால் அந்தத் தரம் பெரும்பாலும் படிப்பதோடும் கோடை அழிப்பதோடும் நின்றுவிடுகிறது. வண்டியை ஒரு வேலை செய்யச் சொல்ல வேறொரு மொழி இருக்கு. ஐஎஸ்ஓ 14229 என்ற தரத்தில் அதன் இலக்கணம் முழுவதும் எழுதப்பட்டிருக்கு. காசு கொடுத்தால் யாரும் வாங்கிப் படிக்கலாம். அதில் 31 என்ற எண்ணுள்ள சேவை, 'இந்த நிரலை ஓடவிடு' என்று சொல்வதற்கானது. 27 என்ற எண்ணுள்ள சேவை, கேட்கிறவர் யார் என்று சோதிப்பதற்கானது. வண்டியின் கம்ப்யூட்டர் ஒரு எண்ணை அனுப்பும். கருவி அந்த எண்ணை ஒரு ரகசியக் கணக்கில் போட்டு விடையைத் திருப்பி அனுப்ப வேண்டும். வங்கி ஓடிபி மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரே வித்தியாசம், இங்கே ஓடிபி வண்டிக்குச் சொந்தக்காரரின் போனுக்கு வருவதில்லை.

இலக்கணம் பொது. ஆனால் எந்த நிரலுக்கு எந்த எண், ரகசியக் கணக்கு எது என்ற இரண்டும் ஒவ்வொரு கம்பெனியின் கையில். பல கம்பெனி வண்டிகளுக்கும் வேலை செய்யும் ஸ்கேனர்கள் சந்தையில் இருக்கு. விலை பல ஆயிரங்களில் ஆரம்பித்து லட்சத்தைத் தாண்டும், அப்டேட்டுக்கு வருஷா வருஷம் தனியாகக் கட்ட வேண்டும். அவற்றிலும் புது மாடல்களுக்கு எல்லாக் கட்டளையும் இருப்பதில்லை, ஏனென்றால் அவற்றில் பலவும் யாரோ உட்கார்ந்து கம்பெனிக் கருவியின் பேச்சை ஒட்டுக்கேட்டுக் கண்டுபிடித்தவை.

டிபிஎஃப் மட்டும்தான் இப்படி என்று நினைக்க வேண்டாம். காமன்-ரெயில் டீசலில் ஒரு இன்ஜெக்டரை மாற்றினால் அதன் மேல் அச்சிட்ட திருத்தக் குறியீட்டைக் கம்ப்யூட்டரில் எழுத வேண்டும். எலக்ட்ரானிக் ஹேண்ட் பிரேக் உள்ள பல வண்டிகளில் பின்சக்கர பிரேக் பேட் மாற்ற, முதலில் அதை சர்வீஸ் நிலைக்குக் கொண்டுவரக் கட்டளை வேண்டும். சாவி தொலைந்தால் புதுச் சாவியை வண்டிக்கு அறிமுகப்படுத்த வேண்டும். இந்த எல்லா இடத்திலும் ஸ்பானர் வேலை பத்து நிமிஷம். அனுமதி வேலைக்குத்தான் அறுபது கிலோமீட்டர்.

அந்தக் காலம் பொற்காலம் இல்லை

இந்த இடத்தில் 'அம்பாசடரா இருந்தா ஒரு கம்பியை வச்சே ஓட்டியிருக்கலாம்' என்று யாராவது ஆரம்பிப்பார்கள். எனக்கு அந்த ஏக்கம் இல்லை. அம்பாசடரும் பிரீமியர் பத்மினியும் ஓடிய காலத்தில் காருக்குப் பதிவு செய்துவிட்டு வருஷக்கணக்கில் காத்திருந்தார்கள். ஏர்பேக் கிடையாது, ஏபிஎஸ் கிடையாது. தொப்பூர் கணவாயில் இறங்குகிறவர்களுக்கு இதன் அர்த்தம் தெரியும்.

ஆனால் அந்தக் காலம் நமக்கு ஒன்றைக் கொடுத்தது, திறந்த பட்டறைகளை. நம் சுற்றுவட்டாரத்தையே பாருங்கள். நாமக்கல்லில் லாரி பாடி கட்டுகிறார்கள், கரூரில் பஸ் பாடி, திருச்செங்கோட்டில் போர்வெல் வண்டி. சங்ககிரி முழுக்க லாரித் தொழில். இவை கார் கம்பெனி திட்டம் போட்டு உருவாக்கியவை இல்லை. சேஸிஸ் வாங்கியவன் அதை என்ன வேண்டுமானாலும் செய்யலாம் என்ற நிலையில் முளைத்தவை.

'ரோட்டோர மெக்கானிக்குக்குப் புதுத் தொழில்நுட்பம் புரியாது' என்ற வாதமும் வரலாற்றில் நிற்காது. 1983 டிசம்பரில் வந்த மாருதி 800 கார்புரேட்டர் வண்டி. 2000 வாக்கில் புகைச் சட்டங்கள் இறுகியதும் கார்கள் எம்பிஎஃப்ஐக்கு மாறின. கார்புரேட்டர் போய் சென்சாரும் கம்ப்யூட்டரும் வந்தன. அன்றைக்கும் 'இனி பட்டறைகள் மூட வேண்டியதுதான்' என்று பேசினார்கள். பட்டறைகள் மூடவில்லை. ஆக்சிஜன் சென்சார் என்றால் என்ன, த்ராட்டில் பாடியை எப்படிச் சுத்தம் செய்வது என்று கற்றுக்கொண்டார்கள். அந்த சின்ன ஸ்கேனரை வாங்கி, கோடைப் படித்து, காரணத்தையும் சரியாகச் சொன்ன அண்ணன் அதற்குச் சாட்சி. அவரிடம் அறிவு இருந்தது. அனுமதி மட்டும்தான் இல்லை.

ஏற்கெனவே தீர்ப்பு வந்துவிட்ட வழக்கு

படிக்க ஆரம்பித்தபோது என்னை ஆச்சரியப்படுத்தியது, இந்தப் பிரச்சினையை ஒரு இந்திய அமைப்பு எப்போதோ விசாரித்துத் தீர்ப்பும் சொல்லிவிட்டது என்பதுதான். ஷம்ஷேர் கட்டாரியா என்பவர் 2011இல் இந்தியப் போட்டி ஆணையத்தில் ஒரு புகார் கொடுத்தார். கார் கம்பெனிகள் உதிரிபாகங்களையும் பழுது கண்டறியும் கருவிகளையும் வெளி மெக்கானிக்குகளுக்குக் கொடுப்பதில்லை என்பது புகார். முதலில் ஹோண்டா, ஃபோக்ஸ்வேகன், ஃபியட் என்று மூன்று கம்பெனிகள். விசாரணை அதிகாரி தோண்டப்போய் 17 கம்பெனிகள் ஆனது.

2014 ஆகஸ்ட் 25 அன்று ஆணையம் 14 கம்பெனிகளுக்குச் சேர்த்து 2,544 கோடி ரூபாய் அபராதம் போட்டது. டாடா மோட்டார்ஸுக்கு மட்டும் 1,346 கோடி, மாருதி சுசூகிக்கு 471 கோடி. அம்பாசடர் செய்த ஹிந்துஸ்தான் மோட்டார்ஸும் அந்தப் பட்டியலில் இருந்தது. ஹூண்டாய் ஆணையத்தின் அதிகாரத்தையே கேள்வி கேட்டு சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனது. 2015 பிப்ரவரியில் அந்த மனு தள்ளுபடியானது, ஜூலையில் 420 கோடி அபராதம் வந்தது.

அபராதத்தைவிட அதன் பின்னால் இருக்கும் தர்க்கம்தான் முக்கியம். கார் வாங்கும்போது சந்தையில் போட்டி இருக்கு. பத்து கம்பெனியில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம். வாங்கிய மறுநாள் அந்தப் போட்டி முடிந்துபோகிறது. ஒரு கம்பெனியின் காருக்கு இன்னொரு கம்பெனியின் உதிரிபாகம் பொருந்தாது. லட்சக்கணக்கில் போட்டு வாங்கியதை ஒரு பாகத்துக்காக விற்றுவிட்டு வேறு வாங்கவும் முடியாது. ஆக, தன் காரின் உதிரிபாகச் சந்தையில் ஒவ்வொரு கம்பெனியும் தனிக்காட்டு ராஜா. ஆணையத்தின் கணக்கில், உதிரிபாகங்களின் மேல் வைக்கப்பட்ட விலையேற்றம் சுமார் 100 சதவீதத்தில் இருந்து 5,000 சதவீதம் வரை போனது.

என்ன செய்ய வேண்டும் என்றும் ஆணையம் சொன்னது. உதிரிபாகமும் கண்டறியும் கருவியும் வெளிச் சந்தையில் கிடைக்க வேண்டும். வெளியே பழுது பார்த்தார் என்ற ஒரே காரணத்துக்காக வாரண்டியை ஒட்டுமொத்தமாக ரத்து செய்யக்கூடாது. வெளி மெக்கானிக்குகளுக்குப் பயிற்சி கொடுக்க ஏற்பாடு வேண்டும். 2016 டிசம்பரில் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் டொயோட்டா, ஃபோர்டு, நிசான் வழக்குகளில் ஆணையத்தின் முடிவை ஏற்றுக்கொண்டு, அபராதத்தை மட்டும் குறைத்தது.

பத்து வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. இண்டூர் பட்டறைக்கு அது இன்னும் வந்து சேரவில்லை. ஏன்? என் பார்வையில் இரண்டு காரணம். ஒன்று, போட்டிச் சட்டம் கம்பெனியைத் தண்டிக்கத் தெரிந்த சட்டம். மெக்கானிக்குக்கு ஒரு உரிமையைக் கொடுக்கும் சட்டம் இல்லை. அபராதத்தை எதிர்த்து வழக்கு நடத்தலாம், அதுவே பல வருஷம் ஓடும். இரண்டு, அந்தத் தீர்ப்பு உதிரிபாகத்தையும் கருவியையும் பெட்டியில் வைத்து விற்கும் பொருளாகப் பார்த்தது. இன்றைக்குக் கருவி என்பது சர்வரில் லாகின் பண்ணி வாங்கும் அனுமதியாக மாறிவிட்டது. பெட்டியைக் கொடுத்துவிட்டு லாகினை மறுக்கலாம்.

2022 ஜூலையில் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 'பழுது பார்க்கும் உரிமை' பற்றி ஒரு குழு அமைத்தது. அதே வருஷம் டிசம்பர் 24 அன்று ஒரு இணையதளம் திறந்தார்கள். கார்களும் அதில் ஒரு பிரிவு. பெரும்பாலும் கையேடு, வாரண்டி விவரம், சேவை மையத் தொடர்பு என்றுதான் இருக்கு. நல்ல ஆரம்பம்தான். ஆனால் வாடிக்கையாளரை மறுபடியும் சர்வீஸ் சென்டருக்கே வழிகாட்டிவிடும் ஒன்றை உரிமை என்று அழைப்பது கொஞ்சம் அதிகம்.

கம்பெனிகள் சொல்லும் பதில்

கம்பெனிகளின் தரப்பிலும் நியாயம் இருக்கு. அதை மறைத்துவிட்டு எழுதினால் இது விமர்சனம் ஆகாது.

2015இல் சார்லி மில்லர், கிறிஸ் வாலசெக் என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள் அமெரிக்க நெடுஞ்சாலையில் ஓடிக்கொண்டிருந்த ஜீப் செரோக்கியை வீட்டில் உட்கார்ந்தபடி இணையம் வழியாக நிறுத்திக் காட்டினார்கள். ஃபியட் கிரைஸ்லர் 14 லட்சம் வண்டிகளைத் திரும்ப அழைத்தது. அதற்குப் பிறகு அந்தக் கம்பெனி தன் கார்களில் சாக்கெட்டுக்கும் உள்ளிருக்கும் கம்ப்யூட்டர்களுக்கும் நடுவில் ஒரு பாதுகாப்பு வாசலைப் பொருத்தியது. பிரேக்கும் ஸ்டியரிங்கும் கம்ப்யூட்டர் வழியாக இயங்கும் வண்டியில் கதவைத் திறந்து போட முடியாது. என் வேலையிலும் அப்படிச் செய்ய மாட்டேன்.

ஆனால் பூட்டு போடுவது வேறு, சாவியை யாருக்குக் கொடுப்பது என்பது வேறு. ஐரோப்பாவில் இந்த வேறுபாடு நீதிமன்றம் வரைக்கும் போனது. அதே ஃபியட் கிரைஸ்லரின் இத்தாலி கம்பெனி, வெளி மெக்கானிக்குகள் தன்னிடம் பதிவு செய்ய வேண்டும், சந்தா கட்ட வேண்டும், கருவியை இணையத்தில் இணைத்திருக்க வேண்டும் என்று நிபந்தனை போட்டது. சட்டத்தில் இல்லாத நிபந்தனைகளைப் போட்டு ஓபிடி அணுகலைத் தடுக்கக்கூடாது என்று 2023 அக்டோபர் 5 அன்று ஐரோப்பிய நீதிமன்றம் சொன்னது. அங்கே பழுது பார்க்கும் தகவலை வெளி மெக்கானிக்குக்குக் கொடுத்தாக வேண்டும் என்று ஒழுங்குமுறைச் சட்டமே இருப்பதால்தான் அந்தத் தீர்ப்பு சாத்தியமானது. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலம் 2012இல் தனிச்சட்டம் போட்டது. 2020இல் வண்டி கம்பியில்லாமல் அனுப்பும் தகவலுக்கும் அதை நீட்டிக்கலாமா என்று மக்களிடமே கேட்டார்கள். சுமார் 75 சதவீதம் பேர் சரி என்று ஓட்டுப் போட்டார்கள்.

இன்னொரு வாதம், 'திறந்துவிட்டால் புகைக் கட்டுப்பாட்டை ஏமாற்றுவார்கள்'. டிபிஎஃப்பைக் கழற்றி எறிந்துவிட்டு சாஃப்ட்வேரைத் திருத்தும் ஆட்கள் இருப்பது உண்மை. ஆனால் உலகிலேயே பெரிய புகை மோசடியைச் செய்தது ரோட்டோரப் பட்டறை இல்லை. 2015இல் பிடிபட்ட ஃபோக்ஸ்வேகன் விவகாரத்தில் உலகம் முழுக்க சுமார் 1 கோடியே 10 லட்சம் வண்டிகள் சம்பந்தப்பட்டன. இந்தியாவில் 3 லட்சத்துக்கும் மேல் திரும்ப அழைக்கப்பட்டன. சோதனைக் கூடத்தில் இருக்கிறோமா என்று கண்டுபிடித்து நல்ல பிள்ளையாக நடந்துகொள்ளும் நிரல் வருஷக்கணக்கில் மறைந்திருக்க முடிந்ததற்குக் காரணம், அதை வெளியாள் யாரும் பார்க்க முடியாததுதான். மேற்கு வர்ஜீனியா பல்கலைக்கழகத்தினர் வண்டியைச் சாலையில் ஓட்டி அளந்ததில்தான் முதல் சந்தேகம் எழுந்தது.

என் அனுபவத்தில் நடந்ததையும் சேர்த்துப் பாருங்கள். நேர்மையாக கரியை எரிக்கும் வழி அறுபது கிலோமீட்டர் தள்ளி, செலவோடு இருக்கு. வடிகட்டியையே உடைத்தெறியும் வழி பக்கத்திலேயே, மலிவாகக் கிடைக்கும். பூட்டு இங்கே எதைப் பாதுகாக்குது?

கம்பெனி போய்விட்டால்

புதுக் காருக்கு மூன்று வருஷமோ ஐந்து வருஷமோ வாரண்டி. பதிவுக்கு ஆயுள் பதினைந்து வருஷம். நடுவில் இருக்கும் பத்து வருஷத்தில்தான் கார் நகரத்தை விட்டு எங்களை மாதிரி ஊர்களுக்கு இரண்டாம் கை, மூன்றாம் கையாக வந்து சேருது. ஒரு ஆட்டோமொபைல் கம்பெனிக்கு அந்தப் பத்து வருஷம் வால்பகுதி. எங்களுக்கு அதுதான் முழுவண்டி. பால் சொசைட்டியில் இருந்து ஆஸ்பத்திரி வரைக்கும் அந்தப் பழைய கார்தான் ஓடுது. அதன் ரிப்பேர் செலவு எட்டாத உயரத்துக்குப் போனால், அந்தக் குடும்பத்துக்குக் கார் என்பதே இல்லாமல் போகும்.

கம்பெனியும் எப்போதும் இருக்கும் என்று சொல்ல முடியாது. ஜெனரல் மோட்டார்ஸ் 2017 முடிவோடு இந்தியாவில் செவர்லே விற்பனையை நிறுத்தியது. ஃபோர்டு 2021 செப்டம்பர் 9 அன்று, பத்து வருஷத்தில் 200 கோடி டாலருக்கு மேல் நஷ்டம் என்று சொல்லி, இங்கே கார் செய்வதை நிறுத்தப்போவதாக அறிவித்தது. 1999இல் ஐகான் வந்த மறைமலை நகர் ஆலையில் கடைசி இகோஸ்போர்ட் 2022 ஜூலையில் வெளியே வந்தது. சேவையும் உதிரிபாகமும் தொடரும் என்று ஃபோர்டு சொன்னது, தொடரவும் செய்கிறது. ஆனால் அது கம்பெனியின் நல்ல மனசைப் பொறுத்த விஷயமாக இருக்கு. ஒரு கம்பெனி வெளியேறும்போது அதன் கண்டறியும் மென்பொருளையும் ரகசியக் கணக்குகளையும் என்ன செய்ய வேண்டும் என்று நம்மிடம் விதி எதுவும் இல்லை.

தயாரிப்பிலேயே என்ன சிக்கல் வரலாம் என்பதை 2021இன் சிப் தட்டுப்பாடு காட்டியது. அந்த வருஷம் செப்டம்பரில் தன் உற்பத்தி வழக்கத்தில் 40 சதவீதம் அளவுக்குத்தான் இருக்கும் என்று மாருதி அறிவித்தது. 2022 அக்டோபரில் ஜப்பானில் டொயோட்டா, இரண்டு ஸ்மார்ட் சாவிக்குப் பதில் ஒரு ஸ்மார்ட் சாவியும் ஒரு சாதாரணச் சாவியும் தருவதாகச் சொன்னது. உலகின் பெரிய கார் கம்பெனிக்கே சிப் கிடைக்காத நாட்கள் வந்தன. பன்னிரண்டு வருஷப் பழைய காரின் ஒரு கன்ட்ரோல் யூனிட்டுக்கு எதிர்காலத்தில் யார் சிப் தரப்போகிறார்கள்? அதைத் திறந்து பழுது பார்க்கத் தெரிந்தவர்கள்தான் காப்பாற்ற வேண்டும். அவர்களுக்குத்தான் கதவு சாத்தியிருக்கு.

எங்கள் ஊரில் இருந்து பார்த்தால் இதில் ஒரு முரண் தெரியுது. நூறு கிலோமீட்டர் சுற்றளவுக்குள் ஓசூரில் டிவிஎஸ், அசோக் லேலண்ட், ஏதர். போச்சம்பள்ளிப் பக்கம் ஓலா. தமிழக அரசு டாடா டெக்னாலஜிஸோடு சேர்ந்து 2,877 கோடி ரூபாயில் 71 அரசு ஐடிஐகளை நவீனமாக்கியது. மின்வாகனப் படிப்பும் அதில் இருக்கு. பையன்கள் படித்துவிட்டு ஆலைக்குப் போய் வண்டியைப் பூட்டுவார்கள். அதே பையன் நாளைக்கு ஊரில் பட்டறை வைத்து, தான் பூட்டிய வண்டியைத் திறக்க நினைத்தால் முடியாது. மின்வாகனத்தில் இது இன்னும் கெட்டிப்படும். அங்கே வண்டியின் விலையில் பெரும்பங்கு பேட்டரி. பேட்டரியைக் காவல் காப்பதோ சாஃப்ட்வேர்.

என்ன கேட்கலாம்

எல்லாக் கோடையும் இணையத்தில் கொட்டுங்கள் என்று நான் கேட்கவில்லை. மூன்று விஷயம் போதும்.

முதலாவது, கரி எரிப்பது, இன்ஜெக்டர் குறியீடு எழுதுவது, பிரேக் சர்வீஸ் நிலை மாதிரியான பராமரிப்புக் கட்டளைகள் ஓபிடி தரத்தைப் போலவே எல்லாக் கருவிக்கும் திறந்திருக்க வேண்டும். இவற்றால் காரைத் திருட முடியாது.

இரண்டாவது, சாவி, இம்மொபிலைசர் மாதிரி ஆபத்தானவற்றுக்கு ஆளை அடையாளம் பார்த்து, யார் எப்போது செய்தார் என்று பதிவு வைத்து, ஒரு நாள் கட்டணத்தில் அனுமதி கொடுக்கலாம். ஆதாரும் யுபிஐயும் நடத்தும் நாட்டுக்கு இது பெரிய கட்டமைப்பு இல்லை.

மூன்றாவது, கம்பெனி நாட்டை விட்டுப் போனாலோ, ஒரு மாடலுக்கு ஆதரவை நிறுத்தினாலோ, கண்டறியும் மென்பொருள் பொதுவில் கிடைக்க வேண்டும். இந்தியாவில் விற்க அனுமதி வாங்கும்போதே அதன் ஒரு பிரதியை அரசின் சோதனை அமைப்பிடம் ஒப்படைத்துவிட வேண்டும்.

இதற்கெல்லாம் காத்திருக்கும் நேரத்தில், புது டீசல் கார் வாங்கப் போகிறவர்களுக்கு ஒன்று சொல்லிக்கொள்கிறேன். உங்கள் ஓட்டம் பெரும்பாலும் பத்துப் பதினைந்து கிலோமீட்டர்தான் என்றால் பெட்ரோலைப் பாருங்கள். ஏற்கெனவே வாங்கியிருந்தால், இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை நான்குவழிச் சாலையில் இருபது நிமிஷம் விடாமல் ஓட்டிவிட்டு வாருங்கள். மஞ்சள் விளக்கு எரிந்தால் என்னைப் போல ஒரு வாரம் விடாதீர்கள். ஷோரூமில் சன்ரூஃப் பற்றிக் கேட்கும்போது, 'வாரண்டி முடிந்தபிறகு இதை எங்க ஊர் மெக்கானிக் சரிபண்ண முடியுமா?' என்றும் கேளுங்கள். பதில் தெரியாமல் முழிப்பார்கள். பத்துப் பேர் கேட்டால் மேலே போய்ச் சொல்வார்கள்.

போன மாதம் ஆயில் மாற்ற அதே பட்டறைக்குப் போயிருந்தேன். அண்ணன் தன் பையனுக்கு ஒரு பெரிய ஸ்கேனர் வாங்கிக் கொடுக்கலாமா என்று விலை விசாரித்துக்கொண்டிருந்தார். லட்சத்துக்குப் பக்கத்தில் வருதாம். "போட்ட காசு வந்துடுமான்னு பயமில்ல தம்பி," என்றார். "வாங்கின மறுவருஷம் வர்ற வண்டி இதையும் உள்ள விடலைன்னா என்ன பண்றது, அதான் யோசிக்கிறேன்."

என்னிடம் பதில் இல்லை.